அநாதைக் கப்பலில் ஓர் ஆள்

அந்த டச்சுக் கப்பலில் ஆள் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. பின்னால் வருகிற பேச்சையெல்லாம் கேட்டால் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

'நல்லெண்ணம்' என்பது இங்கிலீஷ்காரர்களின் டார்ட்மவுத் துறைமுகத்துக் கப்பல். வணிகர்கள் நாலு பேர் கூடி வாங்கி, பன்னிரண்டு பீரங்கி ஏற்றி, அரசாங்கத்திடம் உரிமைச் சீட்டும் வாங்கி, போரில் எதிரிகளான டச்சுக்காரர்களின் சரக்குக் கப்பல்களைப் பிடித்து வர அனுப்பியிருந்தார்கள். மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது. பிடித்தால் பங்கு, பிடிக்காவிட்டால் பட்டினி. ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்து மூன்றாம் வருடக் கோடையில் ஏழு வாரம் அலைந்தும் ஒரு மீன்படகுகூட அவர்கள் கையில் சிக்கவில்லை. பிஸ்கட்டில் புழு வைத்துவிட்டது. பீர் புளித்துவிட்டது. கேப்டன் வீல் மட்டும் புளிக்காமல் தினமும் சவரம் செய்துகொண்டிருந்தார்.

எட்டாவது வாரம் அது தானாக வந்து சேர்ந்தது. விடிந்து நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். கடல் மேல் வெள்ளைப் பனி. காற்று துளிகூட இல்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு கப்பலின் மூக்கு நீண்டு வந்து, 'நல்லெண்ண'த்தின் விலாவில் மெல்ல இடித்து நின்றது. பாய்கள் விரித்தபடி இருந்தன. உச்சியில் டச்சுக் கொடி துவண்டு தொங்கியது. குரல் கொடுத்தார்கள், வானத்தைப் பார்த்து ஒரு வேட்டும் போட்டார்கள். பதில் இல்லை.

ஏறிப் பார்க்கப் போனவன் பாஸ்கோ நீல். மாலுமிகளுக்குத் தலைவன், ஐம்பதை நெருங்குகிறவன், முப்பது வருடமாகக் கடலில் கிடப்பவன். ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனான். சுக்கானில் யாரும் இல்லை. கீழே அறைகளில் யாரும் இல்லை. அடுப்பில் பட்டாணிக் கஞ்சி இருந்தது, விரலை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. கப்பலின் படகு அதன் இடத்திலேயே கட்டிக் கிடந்தது. அப்படியானால் போனவர்கள் எதில் போனார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மேல்தளத்தில், வலது பக்க விளிம்பை ஒட்டிப் பன்னிரண்டு ஜோடி மரச்செருப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் முனையும் கடலைப் பார்த்திருந்தது.

"படுக்கப் போறவன் கழட்டி வைக்கிற மாதிரில்ல வச்சிருக்கானுங்க" என்றான் எஸ்ரா பிக். வாயைத் திறந்தால் கிண்டல் மட்டுமே வருகிற ஆள் அவன். அன்றைக்கு அவன் குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது.

"வாயை மூடிக்கிட்டு சரக்கறையைப் பாருடா" என்றான் பாஸ்கோ.

சரக்கறையைப் பார்த்ததும் எல்லோருக்கும் பயம் விட்டுப்போனது. மலகாவின் உலர்ந்த திராட்சை, ஆலிவ் எண்ணெய்ப் பீப்பாய்கள், அடியில் மூட்டை மூட்டையாகச் சிவப்புச் சாயப் பொருள். பிடிபட்ட கப்பல் இது என்று கடல் நீதிமன்றம் எழுதிக் கொடுத்தால் போதும், கடைநிலை மாலுமிகூட வீடு வாங்கலாம். பாஸ்கோ ஒரு சாய மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வீடு வேண்டாம். அவனுக்கு மகன் வேண்டும்.

சைமன் மூன்று வருடத்துக்கு முன் நியூஃபவுண்ட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போனவன். திரும்பும் வழியில், தெற்கே பாலைவனக் கரையிலிருந்து வரும் சல்லே கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றுவிட்டார்கள். போன பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. மீட்புப் பணம் வராதவர்களை இந்தப் பனிக்காலத்தில் உள்நாட்டுக்கு விற்கப்போகிறார்களாம், பாலைவனத்துக்கு அப்பால். அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. பிளிமத்திலிருந்து ஒரு வியாபாரி மீட்புப் பணத்தோடு இன்னும் மூன்று வாரத்தில் சல்லேக்குக் கப்பலேறுகிறார். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. பாஸ்கோ இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தது இந்த மூன்று வாரத்தைத்தான்.

கேப்டன் வீல் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். முகம் மலரவில்லை.

"ஒருத்தன்கூட இல்லையா?"

"இல்லைங்கய்யா."

"தொலைஞ்சோம். ஆளில்லாம மிதந்தா அது அநாதைக் கப்பல். அநாதைக் கப்பல் அரசாங்கத்துக்கு. எவனாவது உசுரோட இருந்து, கொடியை இறக்கி, நம்மகிட்ட ஒப்படைச்சிருந்தாத்தான் நம்ம பிடிப்பு."

"கரையில ஒதுங்கின கப்பல்ல ஒரு பூனை உசுரோட இருந்தாக்கூட அரசாங்கம் தொடக்கூடாதும்பாங்களே" என்றான் எஸ்ரா.

"அது கரைக்குடா. பூனை கொடியை இறக்குமா?"

இந்த அநாதைக் கப்பல் உரிமை ஒரு காலத்தில் அரசனுக்கு இருந்தது. நாலு வருடத்துக்கு முன் அரசனின் தலையை வெட்டினார்கள். அவனுடைய உரிமைகளை மட்டும் யாரும் வெட்டவில்லை. துடைத்துப் பத்திரமாகத் தாங்களே எடுத்து வைத்துக்கொண்டார்கள். கடலில் மிதப்பதெல்லாம் பாட்டன் சொத்து என்கிற எண்ணம் முடிக்கும் உண்டு, முடியில்லாத நாடாளுமன்றத்துக்கும் உண்டு.

"அப்ப ஒரு ஆள் இருந்தான்னு வச்சுக்குவோம்" என்றான் பாஸ்கோ.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பொய் பேசத் தெரியாத மனிதன் என்று ஊரில் பெயர் எடுத்தவன் அவன்.

கேப்டன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆளை உண்டாக்கினார்கள். ஏனோதானோவென்று உண்டாக்க முடியாது. பிடிபட்ட ஒவ்வொரு கப்பலுக்கும் கடல் நீதிமன்றம் ஒரே கேள்விப் பட்டியலைத்தான் வைத்திருந்தது. மாலுமிகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் போல மனப்பாடம். கப்பலில் இருந்தவன் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை காலம் அந்தக் கப்பலில் வேலை, யார் கையில் ஒப்படைத்தான், பிறகு என்ன ஆனான். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒருவன் வடக்கே பார்த்தும் இன்னொருவன் தெற்கே பார்த்தும் பதில் சொன்னால் கதை கந்தல்.

"பேரு ஹார்மன். ஹோர்ன் ஊர்க்காரன். கப்பல் சமையக்காரன்" என்றார் கேப்டன். "மத்தவங்க எல்லாம் வேற கப்பல் ஏறிப் போயிட்டாங்க. இவன் நோயாளி, விட்டுட்டுப் போயிட்டாங்க."

"இடது கையில ரெண்டு விரல் கிடையாது" என்றான் எஸ்ரா. "சமையக்காரன்னா அப்படித்தான் இருப்பான்."

"மூக்காலேயே ஏதாவது பாடிக்கிட்டிருப்பான்" என்றான் இன்னொருவன்.

"வயசு அறுபது. வெளிர்நீலக் கண்ணு."

ஆளுக்கொன்று சேர்த்தார்கள். எல்லோருக்கும் குஷி பிறந்துவிட்டது. ஏழு வாரப் பட்டினிக்குப் பிறகு கிடைத்த முதல் விளையாட்டு அதுதான். கடைசியில் பாஸ்கோவின் முறை வந்தது.

"அவனுக்கு ஒரு மகன் இருக்கட்டும்" என்றான் அவன்.

கேப்டன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முடித்து வைத்தார். "சரி. பாஸ்கோ, நீ இந்த அஞ்சு பேரோட டச்சுக் கப்பலை ஓட்டிட்டு வா. வர்ற வழியில மூணாம் நாள் ஹார்மன் வயித்துக் கடுப்புல செத்துப்போறான். கடல்ல விட்டுடுறீங்க. விஷயம் முடிஞ்சது."

"நல்ல மனுஷன், பாவம்" என்றான் எஸ்ரா.

பதினோரு ஜோடி மரச்செருப்பைக் கடலில் எறிந்தார்கள். ஒரு ஜோடியை ஹார்மனுக்காக வைத்துக்கொண்டார்கள். அதிகாரிகளுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே.

டார்ட்மவுத் வர நாலு நாள் ஆனது. முதல் நாள் மத்தியானம் எஸ்ரா கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தான். ஆள் ஆறு, கிண்ணம் ஏழு.

"ஏழாவது யாருக்குடா?"

"தெரியலண்ணே. எண்ணித்தான் ஊத்தினேன்."

"உங்கப்பனுக்கா? கொண்டா இப்படி" என்று பாஸ்கோவே அதையும் குடித்தான். மறுநாளும் ஏழு கிண்ணம். அன்றைக்கு அதை யாரும் தொடவில்லை. ஆறிப்போய்த் தோல் படர்ந்தபடி சாயங்காலம் வரை இருந்தது. பிறகு பார்த்தபோது காலியாக இருந்தது. யார் குடித்தது என்று கேட்க பாஸ்கோவுக்கு மனம் வரவில்லை. ஐந்து பேரில் ஒருவன் பசி தாங்காமல் குடித்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் வெயில் நன்றாக அடித்தது. தளம் முழுக்க வெளிச்சம். உச்சிவேளையில் பாஸ்கோ சமையலறைப் பக்கமிருந்து வந்தபோது, ஏணிக்குக் கீழே கிடந்த அந்த மரச்செருப்பு வலது பக்க விளிம்பில் இருந்தது. முனை கடலைப் பார்த்திருந்தது.

"எவன்டா இது? விளையாட்டா இருக்கா?"

ஐந்து பேரும் அவரவர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். தாங்கள் செய்யவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்கோ அதை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். எடுக்கும்போது உள்ளே ஈரமாக இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

துறைமுகம் கண்ணில் பட்ட பிறகு சரக்குகளைச் சரிபார்த்தான். பாய் தைக்க வைத்திருந்த கித்தானில் ஒரு ஆள் நீளத்துக்கு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு பீரங்கிக் குண்டுகளும் குறைந்தன. பிணத்தைக் கடலில் விடும்போது கால்மாட்டில் வைத்துத் தைக்கிற கணக்கு அதுதான். எஸ்ராவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கெட்டிக்காரன்டா நீ. இது எனக்குத் தோணவே இல்ல. கேட்டா காட்டலாம்."

"எது?"

"கித்தான் வெட்டி வச்சது."

எஸ்ரா அவனை வெகுநேரம் பார்த்தான். "நீங்கதான் வெட்டினீங்கன்னு நெனச்சேன்" என்றான். பிறகு இரண்டு பேரும் கயிறு சுற்றப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே பாஸ்கோ மனைவி வில்மட்டிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். அவளிடம் எதையும் ஒளித்து அவனுக்குப் பழக்கம் இல்லை. அவள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஆளே இல்லையா?"

"ஆளே இல்ல. சுத்தப் பொய்."

"வேதப் புத்தகத்து மேல கை வைக்கணுமே."

"வைக்கணும்."

அவள் கையிலிருந்த மாவை உதறினாள். "இல்லாத ஆளைப் பத்திப் பொய் சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்? இருக்கிற பிள்ளை வீடு வந்து சேரட்டும். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

விசாரணை துறைமுகத்துக்கு எதிரே இருந்த சத்திரத்தின் மாடியில் நடந்தது. அரசாங்கத்தின் சார்பில் கேள்வி கேட்க வந்தவர் பெயர் ஒபதயா ஃபென். கறுப்புச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, சிரித்துப் பழகாத முகம். ஆனால் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. இளமையில் பத்து வருடம் கப்பலில் வைத்தியருக்கு உதவியாளாக இருந்தவர். கடலைப் பற்றித் தெரியாத அதிகாரியை ஏமாற்றுவது எளிது, இவர் அந்த ரகம் இல்லை. ஒரு கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, வேறொரு கதவு வழியாக வெளியே அனுப்பினார். உள்ளே போனவனிடம் என்ன கேட்டார்கள் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. ஐந்து பேரும் போய்விட்ட பிறகு பாஸ்கோ கடைசியாகப் போனான்.

மேசை மேல் அந்த மரச்செருப்பு இருந்தது. பாஸ்கோ அதைப் பார்க்காமல் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். கேள்விகள் வரிசையாக வந்தன. பெயர், ஊர், வேலை, விரல், கொடி, வயிற்றுக் கடுப்பு. எல்லாவற்றுக்கும் தயக்கமில்லாமல் பதில் சொன்னான். பக்கத்தில் எழுத்தர் கரகரவென்று எழுதிக்கொண்டே போனார். பட்டியல் முடிந்தது. பாஸ்கோ மூச்சு விட்டான்.

ஃபென் பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

"கித்தானைத் தைச்சது யாரு?"

"நான்தாங்கய்யா."

"கடைசித் தையல்?"

கடலில் செத்தவனைக் கித்தானில் வைத்துத் தைக்கும்போது கடைசித் தையலை மூக்கின் வழியாகக் குத்தி இழுப்பார்கள். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வலியில் துடிப்பான், அல்லது ரத்தமாவது வரும். பயல் உண்மையில் செத்துத்தான் போனானா என்று பார்க்கிற வழக்கம் அது. எல்லா மாலுமிக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இதை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. யோசித்து யோசித்து விரலை வெட்டி, கண்ணுக்கு நிறம் கொடுத்தவர்கள் இதைக் கோட்டைவிட்டுவிட்டார்கள்.

"வழக்கம் போலத்தாங்கய்யா. மூக்குல."

"ரத்தம் வந்துச்சா?"

செத்தவனுக்கு எங்கேயிருந்து ஐயா ரத்தம் வரும் என்று சொல்லத்தான் பாஸ்கோ வாயைத் திறந்தான். அந்தச் சொல் வரவில்லை. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஊசி பிடிப்பது போலத் தாமாகவே சேர்ந்துகொண்டன. மேசைக்கு அடியில் கையை இழுத்துக்கொண்டான்.

ஃபென் ஐந்து காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார்.

"உன் ஆளுங்க அஞ்சு பேரும் உள்ள வந்தாங்க. அஞ்சு பேர்கிட்டயும் இதே கேள்வி. முதல் ஆள், ரத்தம் வந்ததுன்னான். இரண்டாவது ஆள், ரத்தம் வந்துச்சு, பாஸ்கோ அண்ணன் கையைப் பாயில துடைச்சாருன்னான். எஸ்ரா பிக்ங்கிறவன் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டான். அப்புறம் அழ ஆரம்பிச்சுட்டான். ரத்தம் வந்துச்சு, கித்தானுக்குள்ள இருந்து பேசினாருன்னு சொன்னான்."

"பொய்."

"எது பொய்?"

ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல். துறைமுகத்தில் யாரோ மீன் விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

ஃபென் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "கேளு நீல். நான் முட்டாள் இல்ல. அந்தக் கப்பல் அநாதையாத்தான் வந்திருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. ஆளே இல்லைன்னு நீ சொன்னா, பொய்ச் சத்தியத்துக்கு ஒரு நாள் கழுத்தையும் கையையும் கட்டையில மாட்டிச் சந்தையில நிறுத்துவாங்க, ஊர்ப் பயலுங்க முட்டை எறிவானுங்க, அத்தோட போச்சு. கப்பல் அரசாங்கத்துக்கு. ஆள் இருந்தான்னு சொன்னா, கப்பல் உங்களுக்கு. ஆனா உசுரோட இருந்தவனைக் கடல்ல தள்ளினவன் தூக்குல தொங்கணும். ரெண்டுல எதை எழுத?"

நல்ல மனிதர்தான். தப்பிக்க வழியைத் திறந்து காட்டுகிறார். பாஸ்கோவுக்கு அது புரிந்தது. புத்தியுள்ளவன் எவனும் அந்த வழியில்தான் போவான். ஆளே இல்லை ஐயா, பட்டினியில் புத்தி கெட்டுப்போய்ச் சொன்னோம். இவ்வளவுதான். ஆனால் அப்படிச் சொன்னால் பிளிமத் வியாபாரி தன் பட்டியலில் சைமனின் பெயர் இல்லாமலே கப்பலேறிவிடுவார். பனிக்காலம் வந்துவிடும். மணலுக்கு அப்பால் மகனை யார் தேடுவது? பெற்ற வயிறு பற்றி எரிந்தது அவனுக்கு. ஆண்பிள்ளைக்கும் பெற்ற வயிறு உண்டு.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். தூக்குல போறவன் சொத்து யாருக்குப் போகும்?"

"அரசாங்கத்துக்கு."

பாஸ்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாப் பக்கமும் வாயைத் திறந்து வச்சிருக்கீங்க."

"தீர்ப்பு சொல்ற நாளன்னைக்கு அவன் கையில இருக்கிறதுதான் அரசாங்கத்துக்கு" என்றார் ஃபென் மெதுவாக. "அதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான்."

"அப்ப முதல்ல அதை எழுதுங்க, அப்புறம் இதை எழுதுங்க. என் பங்கு முழுக்க என் பொண்டாட்டி வில்மட்டுக்கு. மகனை மீட்க."

ஃபென் அவனையே பார்த்தார். "நீ என்ன செய்யப்போறேன்னு யோசிச்சுத்தான் செய்றியா?"

"எழுதுங்கய்யா."

எழுத்தர் எழுதினார். பாஸ்கோ தன் அடையாளத்தைக் கீறினான். மை காயும் வரை காத்திருந்தார்கள். பிறகு அவன் பேச ஆரம்பித்தான்.

நாலு வாக்கியத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தான். ஆள் இருந்தான், நோயாளி, மற்றவர்களுக்கு ஒட்டிவிடும் என்று பயந்து நானே தைத்துத் தள்ளினேன், மற்றவர்கள் தடுத்தார்கள், நான் கேட்கவில்லை. ஆனால் பேச்சு அத்தோடு நிற்கவில்லை. தளத்தில் வெயில் எப்படி விழுந்தது என்று சொன்னான். அந்தக் கிழவன் அன்று காலையில் கஞ்சி குடித்ததைச் சொன்னான். கித்தானை மூடும்போது வெளிர்நீலக் கண்கள் தன்னைப் பார்த்ததையும், சத்தமில்லாமல் அழுததையும், ஊசி குத்தியபோது துள்ளிய தலையைத் தன் முழங்காலால் அழுத்திப் பிடித்ததையும் சொன்னான். தண்ணீர் என்பதற்கு டச்சுக்காரன் சொல்லும் சொல்லும் இங்கிலீஷ்காரன் சொல்லும் சொல்லும் ஒன்றுதான். அதை அந்தக் கிழவன் மூன்று தடவை கேட்டான் என்றும் சொன்னான்.

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஃபென் கை காட்டிய பிறகுதான் தொடர்ந்தார். பாஸ்கோ தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொல்லுக்காகக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. மகனுக்காகச் சொல்கிற பொய் இது என்று நடுவில் ஒருமுறை நினைத்துக்கொண்டான். எந்த இடத்தில் பொய் ஆரம்பித்தது என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். தெரியவில்லை.

லண்டனுக்கு அழைத்துப்போகக் கப்பல் வரும் வரை அவனை ஆற்று முகத்துவாரத்துக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். ஒன்பதாவது நாள் காலையில் வில்மட் பார்க்க வந்தாள். காவல்காரன் நல்லவன், கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டான். அவள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டு வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது, ஆனால் கண்ணில் ஒளி இருந்தது.

"வியாபாரி நேத்துக் கப்பலேறிட்டாரு. நீங்க எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன், ஒத்துக்கிட்டாரு. பட்டியல்ல நம்ம பிள்ளை பேருதான் முதல் பேரு. என் கண்ணால பார்த்தேன்."

பாஸ்கோ கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல வாய்க்கு வந்ததைப் பேசுறாங்க. எனக்குக் கவலை இல்ல. எஸ்ரா பொண்டாட்டி என்னைக் கண்டா எதிர்ப்பக்கம் போறா. போகட்டும். எனக்கு மட்டும்தானே உண்மை தெரியும்." அவள் அவன் விரல்களை அழுத்தினாள். "சைமன் வந்ததும் முதல் வேலையா அவன்கிட்டச் சொல்லிடுவேன். உங்கப்பா ஒரு ஈ எறும்பைக்கூடக் கொல்லல, அங்க ஆளே இல்ல, உனக்காகத்தான் தூக்குக் கயித்தை மாட்டிக்கிட்டாருன்னு. அவன் தலைநிமிர்ந்து நடக்கணும்."

"சொல்லாத."

"ஏன் சொல்லக்கூடாது?"

"அது பொய்."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "யாரும் கேக்கல. அவன் கீழ இருக்கான். என்கிட்ட நீங்க நடிக்க வேணாம்."

"உன்கிட்டத்தான் சொல்றேன் வில்மட். தண்ணி கேட்டாரு. ரெண்டு எட்டுல பீப்பா இருந்துச்சு. ஒரு குவளை மொண்டு கொடுத்திருக்கலாம். நான் கேட்டுக்கிட்டேதான் தைச்சேன்."

"வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்ன சொன்னீங்க? சுத்தப் பொய்னு சொன்னீங்களே. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன்."

"சொன்னேன். அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கு. இதுவும் ஞாபகம் இருக்கு."

அவள் மடியில் கிடந்த அவன் கைகளைக் குனிந்து பார்த்தாள். இருபத்தைந்து வருடமாகத் தெரிந்த கைகள். வலை பின்னும், தொட்டில் செய்யும், ஒருபோதும் அவள் மேல் ஓங்கியதில்லை. தன் கைகளை அவற்றுக்கு அடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு தடவைதான் கேப்பேன். ஆள் இருந்தானா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் மறுபடி கையைப் பிடித்துக்கொள்வாள். மகன் வந்து தகப்பனின் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். இது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தச் சொல்லை அவன் மனதாரத் தேடினான்.

"இருந்தாரு" என்றான்.

வில்மட் எழுந்து துணியை மடித்துக் கூடையில் வைத்தாள். ரொட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. வாசல் வரை போய் நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

"சைமன் வந்து கேட்டா, நீங்க கடலோட போயிட்டீங்கன்னு சொல்லிக்கிறேன்."

"சரி" என்றான் பாஸ்கோ.

அவள் படியிறங்கும் ஓசை கேட்டது. காவல்காரன் வந்து கதவைப் பூட்டிக்கொண்டு போனான். ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து பெஞ்சு முழுக்க விழுந்திருந்தது. பாஸ்கோ ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான். பிறகு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டான்.